அக்காவின் லேத்தும் தேசப்பனின் பாடும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர், நண்பர், ஊரார் எல்லோருக்கும் தங்கையின் வணக்கம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

நினைவு மலரில் "பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம்" என்று எழுதுவது வழக்கம். அச்சகத்துக்காரர் அப்படி ஒரு பக்கத்தைத் தயாராகவே வைத்திருந்தார். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும் என்றார். வேண்டாம் ஐயா, நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாசம் எல்லா அக்காக்களுக்கும் இருக்கிறது. பழவேற்காட்டில் லேத் ஓட்டிய அக்கா எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டில் பிறந்தார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் கர்வத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அக்கா லைட்ஹவுஸ் குப்பத்தில் நைனாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நைனா கடலுக்குப் போவார். அம்மா மீன்கூடையோடு பழவேற்காட்டுக்குப் போவார். அம்மா வரும்வரை தம்பிகளையும் என்னையும் பார்த்துக்கொண்டது அக்காதான். பார்த்துக்கொண்டார் என்றால் அதட்டினார் என்று பொருள். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் நட்டும் போல்ட்டும் எண்ணிப் பெட்டியில் போடும் வேலைக்குப் போனார். எண்ணி எண்ணிச் சலித்துப்போய், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த லேத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

லேத் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். அது இரும்புக் கம்பியை ஒரு முனையில் சக் என்கிற பிடியால் கவ்விப் பிடித்து வேகமாகச் சுற்றவைக்கும். சுற்றுகிற கம்பியின் மேல் கூரான டூலை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால், வேண்டிய கனத்துக்குக் கம்பி இறங்கும். இதற்குக் கடைவது என்று பெயர். ஆள் வராத ஒரு நாளில் அக்கா தானாகப் போய் நின்று கடைந்து காட்டினாராம். அதற்குப் பிறகு அவரை யாரும் போல்ட் எண்ணச் சொல்லவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையாக வந்த மாமாவின் தாயார், "பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டார். சமையல், வலை பின்னுவது என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் அக்கா, "ஷாப்ட்டு கடையத் தெரியும்" என்றார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. மூலையில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் நிமிர்ந்து, "எங்க படகு ஷாப்ட்டு ஒண்ணு வளஞ்சி கெடக்குது" என்றார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்று நாங்கள் இன்றைக்கும் கேலி செய்வோம்.

சென்னையில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கி, மாமாவும் அக்காவும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு அதை இறக்கினார்கள். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. படகு இன்ஜினையும் விசிறியையும் இணைக்கும் நீளமான தண்டுதான் ஷாப்ட். அது நடுக்கடலில் உடைந்தால் படகு நின்றுபோகும். "பொம்பள கடஞ்சத நம்பி எப்டி உள்ள போறது?" என்று கேட்டார்கள். அக்கா மாமாவின் படகுக்கு ஒரு ஷாப்ட் கடைந்து போட்டார். மாமா போய்ப் போய் வந்துகொண்டே இருந்தார். மாமா திரும்பி வருவதை ஊர் பார்த்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அக்கா "லேத்தக்கா" ஆகிவிட்டார். வயதில் மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவருடைய வாழ்க்கையில் புயல் வெள்ளம் கொட்டகைக்குள் புகுந்ததும் உண்டு, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் சும்மா இருந்ததும் உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கிளட்ச் போன கதையை எழுதுகிறேன். அக்கா யார் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

எங்கள் பக்கத்தில் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று ஒரு முறை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடலாம் என்று கிராமத்தார் கூடிக் குலுக்கிப் போட்டு முறை வைப்பார்கள். அந்த நாள் உன்னுடைய நாள். நீ போகாவிட்டால் உன் முறை கழிந்தது. மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவரவர் படகில்தான் போக வேண்டும் என்பதும் ஊர்க் கட்டுப்பாடு.

தேசப்பன் என்கிற படகுக்காரத் தம்பிக்கு முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடத்தில் முறை விழுந்திருந்தது. போன சுற்றில் காய்ச்சலில் படுத்து முறையை விட்டவர் அவர். இந்தத் தடவையும் விட்டால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முறைக்கு இரண்டு நாள் முன்னால் முகத்துவார மணல்மேட்டில் இடித்து அவர் படகின் ஷாப்ட் வளைந்துவிட்டது. நிமிர்த்தினாலும் நிற்காது, புதிதாகத்தான் கடைய வேண்டும். அன்று ஆயுத பூஜை. பொன்னேரியில் எல்லாப் பட்டறைகளுக்கும் லீவு. அக்கா, "பூஜை முடிஞ்ச மறுநாள் காலைல வா. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் விடியலில் தேசப்பனின் பாடு.

மறுநாள் காலையில் அக்கா கம்பியைப் பூட்டி லேத்தை ஓடவிட்டார். மெல்லிசாகச் சீவும்வரை எல்லாம் சரியாக இருந்தது. டூலைக் கொஞ்சம் ஆழமாக வைத்ததும் கம்பியின் சுற்று தளர்ந்து நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல உறுமிக்கொண்டிருந்தது.

"பெல்ட்டு லூஸாக்கா?" என்று தேசப்பன் கேட்டார்.

அக்கா பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி ஓடவிட்டு, டூலை அழுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கம்பி நின்றது, ஆனால் பெல்ட் சுற்றும் பெரிய சக்கரம் நிற்காமல் ஓடியது. "சக்கரம் ஓடுது, கம்பி ஓடல. நடுவுலதான் கோளாறு" என்றார். நடுவில் இருப்பது கிளட்ச். லீவரை இழுத்தால் உள்ளே இருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தி மோட்டாரின் சுற்றைக் கம்பிக்குக் கொண்டுபோகும். தட்டின் முகத்தில் சொரசொரப்பான லைனிங் ஒட்டியிருக்கும். பிடிப்பு எல்லாம் அதில்தான்.

தட்டுகளை நெருக்குவதற்குப் பல் வைத்த வளையம் ஒன்று உண்டு. அக்கா அதை ஒரு பல் தள்ளினார். கொஞ்ச நேரம் பிடித்தது, பிறகு நழுவியது. இன்னொரு பல் தள்ளியதும் லீவர் இழுக்க முடியாமல் கல்லாக இறுகி, கருகிய வாடை வந்தது. "இதுக்கு மேல தள்ளுனா என்னையே ஏமாத்திக்கிற வேல" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தி மூடியைக் கழற்றினார்.

லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் பளபளத்துக்கொண்டிருந்தன. பழைய மெஷின், தேய்வது இயற்கைதான். அதைச் சரி பார்த்து மாற்ற வேண்டும் என்று அக்காவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தட்டு முழுக்க எண்ணெய் சொட்டியது. அந்த வகைக் கிளட்ச் உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும். அதன் பக்கத்தில் எண்ணெய் போகவே கூடாது. அக்கா விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கடையில் இருக்கும் எண்ணெய் தண்ணீராக இருக்கும். இது கெட்டியாக, படகு இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய்.

டீ வாங்கிக்கொண்டு மாமா அப்போதுதான் வாசலில் வந்து நின்றார். அக்கா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பூஜைக்கு முந்தின நாட்களில் எனக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா திருப்பாலைவனத்துக்கு வந்து என் வீட்டில் தங்கியிருந்தார். கடையைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்கும் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாமா கடல்காரர். உப்புக்காற்றில் இரும்பைச் சும்மா விட்டால் துரு தின்றுவிடும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. படகைக் கரையேற்றினால் ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் ஊற்றுவார். கிளட்ச் மூடியிலும் ஒரு ஓட்டை இருந்தது. பெண்டாட்டியின் மெஷின் ஆயிற்றே என்று, தன் படகுக்கு வைத்திருந்த நல்ல எண்ணெயை அதில் தாராளமாக ஊற்றியிருக்கிறார். வேறு ஊரில் யாராவது இப்படி ஒரு காரியம் செய்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். இதை எழுதச் சொன்னதே மாமாதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா எனக்குப் போன் செய்தார்.

"காச்ச வுட்டுச்சா?"

"வுட்டுடுச்சுக்கா."

"அப்ப எழுந்து போ. உங்க பக்கத்து வூட்டு டிராக்டர் மெக்கானிக்கிட்ட பழைய கிளட்ச் பிளேட்டு கெடக்கும். லைனிங்கு கனமா கீறதா பாத்து ஒண்ண எடுத்துனு பஸ் ஏறு."

என் உடம்பைப் பற்றி அக்கா விசாரித்த விதம் இது. மெக்கானிக் அண்ணன் விஜயதசமி லீவு நாளிலும் கொட்டகையைத் திறந்து, குவியலில் தேடி நல்ல பிளேட்டாகக் கொடுத்தார். வேறு பை கிடைக்காமல் என் கருவாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பையைத் திறந்ததும் அக்கா முகத்தைச் சுளித்து, "இனிமே இந்த மெஷினு ஓடுறப்பலாம் நெத்திலி வாசன வரும்" என்றார். தேசப்பன் கூடச் சிரித்துவிட்டார். அவர் சிரித்தது அன்று அந்த ஒரு தடவைதான்.

அக்கா பழைய லைனிங்கைப் பெயர்த்தெடுத்தார். தட்டுகளைப் பெட்ரோல் விட்டு, விரலில் எண்ணெய் ஒட்டாத அளவுக்குத் துடைத்தார். டிராக்டர் லைனிங்கைத் துண்டு துண்டாக அறுத்து, தட்டின் வட்டத்துக்கு ராவிப் பொருத்தினார். ரிவெட் இல்லை. பழைய மரப்படகைப் பிரித்தபோது மாமா எடுத்துவைத்திருந்த செப்பாணிகள் பரணில் இருந்தன. மாமா கேட்காமலே ஏறி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அக்கா அவற்றை வெட்டி, தலை உள்ளே அமுங்கி இருக்கும்படி ஒவ்வொன்றாக அடித்தார். வளையத்தை முதலில் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு பல்லாக நெருக்கி லீவரை இழுத்து இழுத்துப் பார்த்தார். 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு லீவர் உட்கார்ந்தது. அந்த எண்ணெய் ஓட்டையை மரக்கட்டையால் அடைத்துச் சுற்றிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அதை அடிக்கும்போது மட்டும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. கிளட்ச் பிடித்தது, ஆனால் புது லைனிங் படியும்வரை மெல்லிசாகத்தான் சீவ முடியும். அவசரப்பட்டு ஆழமாக வைத்தால் மறுபடி கருகும். லேத்தும் போகும், ஷாப்ட்டும் போகும். எப்படிப் பார்த்தாலும் மறுநாள் முற்பகலுக்கு முன்னால் முடியாது. பாடோ விடியலில்.

தேசப்பன் கொட்டகை ஓரமாகக் குந்திவிட்டார். "வுடுக்கா. என் தலைல அப்டி எழுதிக்கீது" என்றார். அதைக் கேட்டு அக்காவுக்குக் கோபம் வந்தது. "உன் தலைல ஒண்ணும் எழுதல. என் கிளட்சுலதான் எண்ண. எழுந்துரு" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த கரியைக்கூடக் கழுவாமல் கிளம்பினார்.

கிராமத்தார் அன்று மாலை அம்மன் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தார்கள். அந்த மண்டபத்தில் ஆண்கள் மட்டும்தான் உட்கார்ந்து பேசுவது வழக்கம். பெண்கள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டு ஆண்பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். அக்கா நேராகப் படியேறிப் போய் நின்றார். நான் கீழேயே நின்றுவிட்டேன்.

"இன்னாமா லேத்தக்கா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

அக்கா நடந்ததைச் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "பாடுன்னா பாடுமா. காத்து, மழ, காச்ச, எதுக்கும் அது நின்னதில்ல. இவனுக்கே போன தபா காச்சல்ல போச்சு. அப்ப நிறுத்துனமா?"

"காத்துக்கும் மழைக்கும் இங்க வந்து பேச ஆளு இல்ல, பெரியவரே. என் மெஷினுக்கு நான் கீறேன். வாக்கு குடுத்தது நானு, தவறுனது நானு. தப்பு என்னுது, மொறைய அவன்கிட்ட எடுக்காதீங்க."

பின்னாலிருந்து ஒருவர், "கிளட்சுல எண்ண ஊத்துனது யாரு?" என்று கேட்டார்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்தார். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "நீ குந்துய்யா" என்றார். மாமா குந்தினார். "மெஷினு என் பேர்ல ஓடுது. அதுல யார் கை பட்டாலும் நான் ஊத்துன மாதிரிதான்" என்று கேட்டவருக்குப் பதில் சொன்னார். ஊருக்குப் புரிந்திருக்கும்.

பெரியவர், தேசப்பனுக்கு அடுத்த முறைக்காரரைக் கூப்பிட்டார். அவர், "லேத்தக்கா படியேறி வந்து கேக்குது, நான் இன்னா சொல்லப் போறேன்? நாளைக்கி நான் போறேன். அவன் நாளனைக்கி போவட்டும்" என்றார். பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனிமே லேத்தக்கா மெஷின்ல ஒருத்தன் வேல முடியாம கெடந்தா, அவன் மொற ஒரு நாளு தள்ளும். ஆனா ஒண்ணு, நீயேதான் வந்து சொல்லணும்."

மறுநாள் காலையில் மெல்ல மெல்லச் சீவி, மதியத்துக்குள் அக்கா ஷாப்ட்டை முடித்துக் கொடுத்தார். அடுத்த விடியலில் தேசப்பன் தன் முறைக்கு வலை போடப் போனார். வலை கனத்ததாகச் சொன்னார்கள். அக்கா அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஷாப்ட் அதிர்ந்ததா என்று மட்டும் கேட்டார்.

பெரியவர் சொன்ன அந்தச் சலுகை இருக்கிறதே, அதை அக்கா ஒரு தடவை கூடப் பயன்படுத்தவில்லை. முறைக்கு முந்தின நாள் எந்தப் படகுக்காரர் வேலை கொண்டுவந்தாலும் முடித்துக் கொடுத்தார், முடியாது என்றால் வாங்கும்போதே முடியாது என்று சொன்னார். அந்த மண்டபப் படியை அவர் மறுபடி மிதிக்கவே இல்லை. என் அக்காவின் கர்வம் அப்படிப்பட்டது. அதில் கொஞ்சம் எனக்கு வந்திருந்தால் நான் இன்னும் நன்றாக வாழ்ந்திருப்பேன்.

போன மாதம் மலர் வேலையை ஆரம்பித்தபோது மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "எண்ண ஊத்துனது நான்னு எழுதிடு" என்றார். "ஊருக்குத் தெரியும் மாமா" என்றேன். "தெரிஞ்சா போதுமா? நான் சொல்லலியே. அவ குந்துன்னா, குந்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அன்று வீட்டுக்குப் போன பிறகு அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். "செப்பாணி எடுத்துக் குடுத்தியே, அது சரியா இருந்துச்சுன்னா. வேற ஒண்ணும் சொல்லல" என்றார். எழுதிவிட்டேன் மாமா.

கடைசி நாள்வரை அக்கா நின்றுதான் வேலை செய்தார். மார்பு அடைக்கிறது என்று ஒரு பிற்பகலில் லீவரைத் தள்ளி லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார். பேச முடிந்தபோதெல்லாம், லேத் வேலை பழகியிருந்த தன் மகளிடம், சக்கில் இருக்கும் கம்பியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீ துண்ணியா?" என்று கேட்டார். பிறகு எங்களை விட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கள் வண்டியிலேயே கொண்டுபோய்ச் சேர்த்த பஸ் ஸ்டாண்டு ஆட்டோத் தம்பிகளுக்கும், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கடைசிக் காரியங்களைத் தோளில் சுமந்த தம்பிகளுக்கும், துக்க வீட்டுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீடுகளுக்கும், திருப்பாலைவனம் மெக்கானிக் அண்ணனுக்கும், வேலை தெரிந்த கையோடு கடையைத் திறந்துவைத்திருக்கும் அக்காவின் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் என்னை வந்து திட்டுங்கள்.

ஒரு நன்றி மிச்சம் இருக்கிறது. அக்கா போனபோது சக்கில் பாதி கடைந்து நின்ற கம்பி, ஒரு படகுக்காரத் தம்பியின் ஷாப்ட். அவருக்கு மறுநாள் விடியலில் பாடு. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நினைப்பில்லை. அவரும் வாயைத் திறக்காமல் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். உடலை எடுப்பதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் கிராமத்தாரோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, அக்காவின் தலைமாட்டில் நின்று, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"நீயே வந்து சொல்லணும்னு சொன்னோம்மா. இந்த தபா நாங்க வந்து சொல்றோம். அவன் மொற ஒரு நாளு தள்ளி நிக்கும்."